உப்புப் பாதை, இருப்புப் பாதை, நம்பிக்கைப் பாதை

(மொரிட்டானியா நாட்டின் போக்குவரத்து வரலாறு)

மொரிட்டானியா என்ற பெயரைச் சொன்னதும் நம்மில் பலர், "ஓ, மொரிஷியஸா? நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கிற இடமாச்சே!" என்பார்கள். அது வேறு, இது வேறு. மொரிஷியஸ் இந்தியப் பெருங்கடலில் உள்ள சின்னத் தீவு. கரும்புத் தோட்டமும் தைப்பூசக் காவடியும் உள்ள ஊர். மொரிட்டானியாவோ ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலை ஒட்டி, சகாரா பாலைவனத்துக்குள் நீண்டு கிடக்கும் நாடு. தமிழர் குடியேற்றம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே கிடையாது. பிறகு எதற்கு நம் சங்க மலரில் அந்த நாட்டைப் பற்றி ஒரு கட்டுரை என்று கேட்கலாம். நம் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு ரயிலில் ஏறித்தான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தன. ரயிலும் ரோடும் ஒரு சமூகத்தை எப்படிப் பிரித்துப் போட்டு மறுபடி கூட்டி வைக்கின்றன என்பது நமக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். அதையே இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டுமானால், போக்குவரத்துப் பாதைகளை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு நாட்டைப் பார்க்க வேண்டும்.

முதலில் அளவைச் சொல்லிவிடலாம். மொரிட்டானியாவின் பரப்பளவு சுமார் 10 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதாவது ஏறக்குறைய எட்டுத் தமிழ்நாடு. மக்கள்தொகையோ 2023 கணக்கெடுப்பின்படி 49 லட்சம்தான். சென்னை மாநகர எல்லைக்குள் வசிப்பவர்களைவிடக் குறைவு. சதுர கிலோமீட்டருக்கு ஐந்து பேர் என்று கணக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இது 555. தார்ப் பாலைவனத்து ஜெய்சல்மேர் மாவட்டத்தில்கூட 17. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு கிலோமீட்டர் ரோடு போட்டால் அதில் போக எத்தனை பேர் இருப்பார்கள்? வரவுசெலவுக் கணக்கு மட்டும் பார்த்தால் ஒரு ரோடும் போட முடியாது. ஆனாலும் போட்டார்கள். யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள், போட்ட பிறகு அது யாருக்குப் பயன்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே விடை கிடையாது. இந்த நாட்டின் வரலாறே அந்த மூன்று விடைகளுக்கும் இடையில்தான் இருக்கிறது எனலாம்.

வழிகாட்டிதான் வழி

தார் ரோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் முன்பு அங்கே பாதையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. உப்புப் பாதை இருந்தது. நாட்டின் வடக்கே இஜில் என்ற இடத்தில் பெரிய உப்புப் படுகை உண்டு. அங்கே வெட்டியெடுத்த உப்புப் பாளங்களை ஒட்டகங்கள் மீது ஏற்றி, ஷிங்கெத்தி, திஷித் போன்ற ஊர்கள் வழியாக இன்றைய மாலி நாட்டுப் பகுதிகளுக்குக் கொண்டு போனார்கள். திரும்பும்போது தானியம், துணி போன்றவை வந்தன. வணிகத்தோடு கல்வியும் வளர்ந்தது. ஷிங்கெத்தி, வாதான், திஷித், வலாத்தா ஆகிய நான்கு பழைய ஊர்களும் 1996ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. ஷிங்கெத்தியில் பழைய அரபுக் கையெழுத்துச் சுவடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பாதுகாத்து வருகிறார்கள்.

இந்தப் பாலைவனப் பயணம் எப்படி இருந்தது என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒருவரே சாட்சி. தில்லியில் முகமது பின் துக்ளக்கிடம் காஜியாக இருந்தவரும், 1340களில் நம் மதுரை சுல்தான் அரண்மனைக்கு வந்து போனவருமான இபன் பதூதாதான் அவர். ஊர் திரும்பிய பிறகு 1352ல் சகாராவைக் கடந்து வலாத்தாவுக்குப் போனார். இரண்டு மாதப் பயணம். அவர் தரும் செய்தி ஒன்று முக்கியமானது. வணிகக் கூட்டம் வலாத்தாவை நெருங்குவதற்கு முன்பே, கூலி பேசி ஒரு ஆளைத் தனியாக முன்னே அனுப்புவார்களாம். அவன் ஊருக்குப் போய்க் கடிதங்களைக் கொடுப்பான். உடனே ஊர்க்காரர்கள் நான்கு இரவு தூரம் எதிர்கொண்டு வந்து தண்ணீர் கொடுப்பார்கள். அந்த ஆள் வழியில் செத்துப்போனால் கூட்டத்தின் கதி அதோகதி. இபன் பதூதாவின் கூட்டத்துக்கு வழிகாட்டியவருக்கு ஒரு கண் பார்வை கிடையாது, மறு கண்ணிலும் நோய். ஆனால் அவரைப் போல வழி தெரிந்தவர் யாருமில்லை என்று வியந்து எழுதுகிறார்.

அன்றைய போக்குவரத்துக் கட்டமைப்பு என்பது இதுதான்: கிணறு எங்கே இருக்கிறது என்ற அறிவு, முன்னே போகிற ஆள், எதிரே தண்ணீரோடு வருகிற ஊர். பாதை என்பது தரையில் கிடக்கவில்லை. மனிதர்களின் நினைவிலும் உறவிலும் இருந்தது. அதனாலேயே அதை யாரும் ஒரே வெட்டில் வெட்டிவிடவும் முடியவில்லை. ஒரு கிணறு தூர்ந்தால் இன்னொரு கிணறு வழியாகப் போவார்கள்.

பாரிஸில் போட்ட கோடு

1900 ஜூன் மாதம் பாரிஸ் நகரத்தில் பிரான்ஸும் ஸ்பெயினும் உட்கார்ந்து மேற்கு சகாராவைப் பங்கு போட்டுக்கொண்டன. கடற்கரையில் உள்ள வெள்ளை முனையிலிருந்து கிழக்கே ஒரு நேர்கோடு. பிறகு வடக்கே திரும்பும் ஒரு கோடு. அந்தக் கோடுகள் போன பூமியின் உள்பகுதியில் அன்றைக்குப் பிரெஞ்சுப் படையே கால் வைத்திருக்கவில்லை. உள்நாட்டு அத்ரார் பீடபூமியை அவர்கள் பிடித்ததே 1909ல்தான். இருந்தாலும் ஒரு விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் உஷாராக இருந்தார்கள். இஜில் உப்புப் படுகை தங்கள் பக்கம் வர வேண்டும் என்று பேரம் பேசி, எல்லைக் கோட்டை அந்த இடத்தில் மட்டும் வளைத்து வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் உலகப் படத்தை விரித்துப் பார்த்தால், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருக்கும் எல்லையில் அந்த ஒரு வளைவு தெரியும். அது உப்புக்காக வளைந்த கோடு.

இதன் பிறகு வந்தது ஆகாய வழி. 1925 முதல் துலூஸ் நகரத்திலிருந்து டாக்கார் வரை கடற்கரையோரமாகப் பிரெஞ்சுத் தபால் விமானங்கள் பறந்தன. இன்று நுவாதிபு என்று அழைக்கப்படும் போர்ட் எத்தியன் அவற்றின் நிறுத்தங்களில் ஒன்று. தமிழில் 'குட்டி இளவரசன்' என்ற பெயரில் வந்திருக்கும் புகழ்பெற்ற நூலை எழுதிய செந்த்-எக்சுபெரி அந்தத் தடத்தில் பறந்த விமானிகளில் ஒருவர். ஆனால் அந்த விமானங்கள் சுமந்தது ஐரோப்பியர்களின் தபாலை. கீழே ஒட்டகத்தோடு நடந்துகொண்டிருந்தவர்களுக்கு அது வானத்தில் கேட்ட ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இரும்பு மலையும் இருப்புப் பாதையும்

இஜில் உப்புப் படுகைக்குப் பக்கத்திலேயே ஒரு கரிய மலை இருக்கிறது. கெதியத் இஜில் என்று பெயர். அதன் அருகே போனால் திசைகாட்டி முள் தடுமாறும் என்று சொல்வார்கள். காரணம், அந்த மலை முழுக்க உயர்தர இரும்புத் தாது. உப்புக்காக வளைத்து வாங்கிய இடத்தில் இரும்பும் சேர்ந்து கிடைத்தது பிரெஞ்சுக்காரர்களின் அதிர்ஷ்டம்.

1952ல் மிஃபெர்மா என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு, பிரிட்டிஷ், இத்தாலிய, ஜெர்மன் உருக்குத் தொழில் முதலீடுகள் அதில் சேர்ந்தன. 1960ல் உலக வங்கி 6 கோடியே 60 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி மொரிட்டானியா சுதந்திர நாடானது. மக்கள்தொகை அப்போது பத்து லட்சத்தைக்கூட எட்டவில்லை. அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கால்நடைகளோடு அலைந்து திரிந்த நாடோடிகள். தலைநகரம் என்று சொல்லக்கூட உள்நாட்டில் ஒரு ஊர் இல்லை. காலனி ஆட்சிக் காலத்தில் பக்கத்துச் செனகலின் சென்-லூயி நகரத்திலிருந்துதான் நிர்வாகம் நடந்தது. நுவாக்சோட் என்ற இடத்தில் மணல் மேட்டில் புதுத் தலைநகருக்கு 1958ல்தான் அடிக்கல் நாட்டினார்கள். ஆக, நாடு ஒழுங்காக உருவாவதற்குள் அதன் ரயில் பாதைக்குப் பணம் ரெடியாகிவிட்டது!

1963ல் தாது ரயில் ஓடத் தொடங்கியது. சுவேராத் சுரங்க நகரத்திலிருந்து நுவாதிபு துறைமுகம் வரை. பிறகு புதிய சுரங்கங்களுக்கு நீட்டித்ததையும் சேர்த்து 704 கி.மீ. நம் கணக்கில் சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலி தாண்டிப் போகிற தூரம். நடுவில் நம் கண்ணுக்கு ஊர் என்று படும்படியாக ஒன்றிரண்டு இடங்கள்தான்.

ரயிலின் அளவைக் கேட்டால் ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கே மலைப்பாக இருக்கும். மூன்று நான்கு டீசல் என்ஜின்கள், 200க்கும் மேற்பட்ட வேகன்கள், மொத்த நீளம் சுமார் 2.5 கி.மீ. நம்மூரில் 58 வேகன் சரக்கு ரயில் போனாலே லெவல் கிராசிங்கில் நிற்பவர்கள் பொறுமை இழந்துவிடுகிறோம். அங்கே ஒவ்வொரு வேகனிலும் 84 டன் வரை தாது ஏறும். ஒரு ஒட்டகம் 150 கிலோ உப்பு சுமக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே ரயில் சுமப்பதைச் சுமக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் வேண்டும். இன்று ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் தாது இந்த ஒற்றைத் தடத்தில் கடலுக்குப் போகிறது.

ஷூம் சுரங்கப் பாதை

இந்தப் பாதையின் வடிவமே ஒரு பாடம். சுவேராதிலிருந்து துறைமுகத்துக்கு நேராக ஒரு கோடு போட்டால் அது ஸ்பெயினின் சகாராவுக்குள் போகும். எனவே தண்டவாளம் முதலில் தெற்கே இறங்கி, ஷூம் என்ற ஊர் அருகே எல்லையின் மூலையைச் சுற்றிக்கொண்டு, பிறகு எல்லைக் கோட்டை ஒட்டியே மேற்கே கடலுக்குப் போகிறது.

அந்த மூலையில்தான் வேடிக்கை. மூலையைச் சற்றே தாண்டி ஸ்பெயின் பக்கத்து மணல் வெளியில் போயிருந்தால் சமதரை, செலவு குறைவு. ஆனால் அதற்கு ஸ்பெயின் விதித்த நிபந்தனைகள் மறுபக்கத்தாருக்கு ஏற்கும்படியாக இல்லை. ஆகவே தங்கள் பக்கத்தில் இருந்த கடினமான கருங்கல் பாறையை ஏறக்குறைய 2 கி.மீ. நீளத்துக்குக் குடைந்து சுரங்கப் பாதை அமைத்தார்கள். மனித நடமாட்டமே இல்லாத பாலைவனத்தில், வரைபடத்தில் மட்டுமே இருந்த ஒரு கோட்டுக்கு மரியாதை கொடுப்பதற்காக ஒரு மலையைக் குடைந்தார்கள்!

அந்தக் கோட்டைப் போட்ட இரண்டு வல்லரசுகளும் பின்னாளில் அங்கிருந்து போய்விட்டன. 1991 வாக்கில் சுரங்கப் பாதையும் கைவிடப்பட்டது. அதன் பிறகு ரயில் மூலையைத் தாண்டி, மேற்கு சகாராவின் மண்ணில் சுமார் 5 கி.மீ. ஓடித்தான் திரும்புகிறது. அந்தத் துண்டு நிலம் போலிசாரியோ விடுதலை இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி. முதலிலேயே போயிருக்க வேண்டிய சுலபமான வழிக்கு முப்பது வருஷம் கழித்து வந்து சேர்ந்தார்கள்.

தாதுவோடு மனிதர்களும்

இந்த ரயில் மனிதர்களுக்காகப் போடப்பட்டதல்ல. ஆனால் பாலைவனத்தில் ஒரு வண்டி போகிறதென்றால் மனிதர்கள் சும்மா விடுவார்களா? பயணிகளுக்கென்று ஒன்றிரண்டு பெட்டிகளைச் சில வண்டிகளில் இணைத்தார்கள். அது போதாமல், பல பத்தாண்டுகளாக ஜனங்கள் தாது வேகன்களிலேயே ஏறிப் பயணம் செய்தார்கள். டிக்கெட் கிடையாது. தாதுக் குவியலின் மேல் கம்பளத்தை விரித்து, முகத்தைத் தலைப்பாகைத் துணியால் இறுகச் சுற்றிக்கொண்டு, பகலில் கொதிக்கும் வெயிலையும் இரவில் எலும்பை ஊடுருவும் குளிரையும் தாங்கிக்கொண்டு பயணம். கூடவே ஆடுகள், பேரீச்சம்பழ மூட்டை, மாவு மூட்டை எல்லாம் வரும். இறங்கும்போது ஆள் முழுக்கக் கறுத்துப் போயிருக்கும். வழியில் தண்டவாளத்தைப் பராமரிப்பவர்களின் குடியிருப்புகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வண்டிகளும் இதே தடத்தில்தான் வந்தன. 2019ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் ரயில் வந்தது நமக்குப் பெரிய செய்தியாக இருந்தது. அங்கே அது அன்றாட நடைமுறை.

வருமானம் ஒரு பக்கம் போக, உழைப்பு இன்னொரு பக்கம் இருந்தது. மிஃபெர்மா நிறுவனத்தில் உயர் பதவிகளும் நல்ல சம்பளமும் நல்ல வீடுகளும் ஐரோப்பியர்களுக்கு. உள்ளூர்த் தொழிலாளிகளின் நிலையோ வேறு. 1968 மே மாதம் சுவேராதில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவம் சுட்டதில் குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள். நாட்டு மனசாட்சியை உலுக்கிய சம்பவம் அது. 1974 நவம்பர் 28ஆம் தேதி, சுதந்திர தினத்தன்றே, அதிபர் மொக்தார் உல்து தாதா அந்த நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கினார். அன்று முதல் சுரங்கமும் ரயிலும் ஸ்னிம் என்ற தேசிய நிறுவனத்தின் பொறுப்பில் வந்தன.

ஒற்றைத் தடத்தின் ஆபத்து

தண்டவாளம் சொந்தமான ஓராண்டுக்குள் அதுவே கழுத்தில் சுருக்காக மாறியது. 1975 நவம்பரில் ஸ்பெயின் மேற்கு சகாராவை விட்டு வெளியேற ஒப்புக்கொண்டு, வட பகுதியை மொராக்கோவும் தென் பகுதியை மொரிட்டானியாவும் எடுத்துக்கொள்ள வழிசெய்தது. தங்கள் மண்ணுக்காகப் போராடிய போலிசாரியோ கெரில்லாக்கள் இரண்டு எதிரிகளில் பலவீனமான மொரிட்டானியாவைக் குறி வைத்தார்கள். எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லையை ஒட்டியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் ரயில் பாதை! நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி அந்த ஒரே தடத்தில் வந்துகொண்டிருந்தது.

லேண்ட் ரோவர்களில் வேகமாக வந்து, ரயிலைத் தாக்கி, மணலுக்குள் மறைந்துவிடுவார்கள். 1976 ஜூனில் தலைநகர் நுவாக்சோட்டையே தாக்கினார்கள். 1977 மே 1ஆம் தேதி சுவேராத் நகரத்துக்குள்ளேயே புகுந்தார்கள். பிரெஞ்சுத் தொழில்நுட்ப ஊழியர்கள் சிலரைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுப் போர் விமானங்கள் களத்தில் இறங்கின. சில ஆயிரம் பேராக இருந்த மொரிட்டானிய ராணுவம் பதினைந்தாயிரத்தைத் தாண்டி வீங்கியது. ஏற்கெனவே பஞ்சத்தில் இருந்த ஏழை நாட்டுக்கு இந்தச் செலவு தாங்குமா? 1978 ஜூலை 10ஆம் தேதி ராணுவம் உல்து தாதாவின் ஆட்சியைக் கவிழ்த்தது. 1979 ஆகஸ்டில் மொரிட்டானியா போரிலிருந்து விலகியது.

ஒட்டகப் பாதையின் காலத்தில் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி இருந்தது. நவீனப் பாதை வலுவானது, வேகமானது, லட்சம் ஒட்டகச் சுமையை ஒரே தடவையில் இழுப்பது. ஆனால் அது ஒன்றே ஒன்றாக இருக்கும்போது, அதைப் பிடித்தவன் நாட்டின் குரல்வளையைப் பிடித்தவனாகிறான். பாதைகள் குறைவாக உள்ள நாடுகளின் பொதுவான தலைவிதி இது.

நம்பிக்கைச் சாலை

ரயில் பாதை வடக்கே ஓடியது. ஆனால் மக்களில் பெரும்பாலோர் வாழ்ந்தது தெற்கிலும் தென்கிழக்கிலும். கிழக்குக் கோடியில் இருந்தவர்களுக்குத் தங்கள் தலைநகரத்தைவிடப் பக்கத்து மாலி நாட்டுச் சந்தைகள்தான் கிட்டத்தில் இருந்தன. இவர்களை ஒரே நாடாகக் கட்டிப்போட உல்து தாதாவின் அரசு ஒரு பெரிய சாலைத் திட்டத்தை எடுத்தது. நுவாக்சோட்டிலிருந்து பூத்திலிமித், அலெக், கீஃபா, அயூன் வழியாக நேமா வரை சுமார் 1,100 கி.மீ. தார் ரோடு. சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினால் நாக்பூர் வரைக்குமான தூரம். எழுபதுகளின் நடுவில் தொடங்கி எண்பதுகளின் நடுவில் முடிந்தது. கீஃபா வரையிலான முதல் பகுதியைப் போட்டது ஒரு பிரேசில் நாட்டு நிறுவனம். இந்தச் சாலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'நம்பிக்கைச் சாலை'.

பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் சகாராவின் தென் விளிம்பு முழுவதையும் பெரும் வறட்சி தாக்கியது. அறுபதுகளின் இறுதியில் தொடங்கி, 1972-73ல் உச்சத்தை அடைந்து, எண்பதுகளில் மறுபடி வந்தது. மாடுகளும் ஆடுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மந்தை போன நாடோடி எங்கே போவான்? லாரி வருகிற இடத்துக்கு, நிவாரணத் தானியம் இறங்குகிற இடத்துக்குத்தான் போவான். சாலையோரத்தில் கூடாரங்கள் முளைத்தன; கூடாரங்கள் கிராமங்களாயின; அங்கிருந்தும் பலர் லாரி ஏறித் தலைநகருக்குப் போனார்கள். கிழக்குப் பகுதிகளுக்கு வளர்ச்சியைக் கொண்டுபோகப் போட்ட சாலை, கிழக்குப் பகுதி மக்களையே தலைநகருக்குக் கொண்டு வந்து சேர்த்தது.

எண்கள் இதைச் சொல்லும். சில ஆயிரம் பேருக்கென்று திட்டமிட்ட நுவாக்சோட்டில் 1977ல் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் பேர். 1988ல் ஏறக்குறைய 3 லட்சத்து 90 ஆயிரம். 2023ல் 14 லட்சத்துக்கும் மேல். அதாவது நாட்டு மக்களில் பத்தில் மூன்று பேர் அந்த ஒரே நகரத்தில். முக்கால்வாசி நாடோடிகளாக இருந்த ஒரு சமூகம், ஒரே தலைமுறையில் ஊர்வாசிகளாக மாறிவிட்டது. வறட்சி தள்ளியது, சாலை இழுத்தது.

இதைச் சாலையின் தோல்வி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அந்தச் சாலை இல்லாமலிருந்தால் எத்தனை பேர் மந்தையோடு சேர்ந்து மடிந்திருப்பார்களோ! பிழைப்பு தேடி ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு இது புரியும். நம்மை ஊரிலிருந்து பிரித்ததும் ரயில்தான், வருஷத்துக்கு ஒரு தடவை ஊரைக் கண்ணில் காட்டுவதும் அதே ரயில்தான்.

மணலோடு மல்லுக்கட்டு

பாலைவனத்தில் பாதையைப் போடுவது பாதி வேலை. அதை மணல் மூடாமல் காப்பது மீதி வேலை. அது என்றைக்கும் முடிவதில்லை. பிறை வடிவ மணல் மேடுகள் காற்றின் திசையில் ஆண்டுக்குப் பல மீட்டர் நகரும். ரோடு, தண்டவாளம், வீடு என்ற வித்தியாசமெல்லாம் அதற்குத் தெரியாது. ரயில் பாதையில் மணலை அகற்ற ஆட்களும் இயந்திரங்களும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். மணல் உரசியே தண்டவாளமும் சக்கரமும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நம்பிக்கைச் சாலையில் கையாண்ட முறை சுவாரஸ்யமானது. முதலில் காய்ந்த குச்சிகளையும் மிலாறுகளையும் வைத்து மணலில் கட்டம் கட்டமாக வேலி போடுவார்கள். காற்றின் வேகம் குறைந்து மணல் ஒரு இடத்தில் நிற்கும். நின்ற மணலில் மரக்கன்று நட்டு, அதன் வேரால் மேட்டைக் கட்டிப்போடுவார்கள். எந்த மரம் தெரியுமா? நம்ம ஊர்ச் சீமைக் கருவேலம்! ராமநாதபுரம், சிவகங்கைக்காரர்களிடம் அந்த மரத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், திட்டித் தீர்த்துவிடுவார்கள். கண்மாயைக் கெடுத்தது, நிலத்தடி நீரை உறிஞ்சியது என்று 2017ல் உயர் நீதிமன்றமே அதை வேரோடு அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. அதே மரம் மொரிட்டானியாவில் ரோட்டையும் ஊரையும் காக்கும் காவல் மரம். மரம் ஒன்றுதான், அது நிற்கும் மண்ணும் தேவையும் வேறு. அயல்நாட்டு மரம் என்பதால் அங்கேயும் அதைப் பற்றி எச்சரிக்கைகள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடலோரம் ரோடானது

நாட்டின் இரண்டு பெரிய நகரங்களான நுவாக்சோட்டுக்கும் நுவாதிபுக்கும் இடையே 2004 வரை முழுமையான தார் ரோடு கிடையாது என்றால் நம்புவீர்களா? தூரம் சுமார் 470 கி.மீ. வண்டிகள் பாலை மணலில் தட்டுத் தடுமாறி வந்து, பிறகு கடற்கரையிலேயே ஓடின. அலை இறங்கும் நேரம் பார்த்து, ஈரமணல் இறுகியிருக்கும்போது ஓட்டிவிட வேண்டும். நேரம் தப்பினால் ஒரு பக்கம் மணல் மேடு, மறுபக்கம் கடல். வண்டி அலையோடு போக வேண்டியதுதான். இம்ராகென் என்ற மீனவ மக்கள் வாழும் பகுதி அது. 2005 வாக்கில் தார் ரோடு முழுமை பெற்றதும், மத்தியதரைக் கடலோரத்துத் தாஞ்சியரிலிருந்து டாக்கார் வரையிலான நெடுவழியில் பெரிய இடைவெளி ஒன்று அடைபட்டது.

துறைமுகக் கதையும் இதைப் போன்றதே. நுவாக்சோட்டில் 1966ல் கட்டிய சிறு பாலத்துறைதான் முதலில் இருந்தது. சீனா கட்டிக்கொடுத்த ஆழ்நீர்த் துறைமுகம் 1986ல் திறக்கப்பட்டது. 'நட்புத் துறைமுகம்' என்று பெயர். தெற்கே செனகல் ஆற்றைக் கடக்க ரோஸ்ஸோவில் படகுத்துறை. 1989ல் இரண்டு நாடுகளுக்கும் இடையே கலவரம் வெடித்து, ஆயிரக்கணக்கான கறுப்பின மொரிட்டானியர்கள் ஆற்றுக்கு அப்பால் விரட்டப்பட்டபோது, எல்லையே மூடிக் கிடந்தது. அதே இடத்தில் 2021ல் பாலம் கட்டும் பணி தொடங்கியது.

பாதை ஒன்றே என்ற பழைய ஆபத்து போய்விட்டதா? 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடக்கு எல்லையில் குர்குராத் என்ற இடத்தில் சஹராவி போராட்டக்காரர்கள் மூன்று வாரம் சாலையை மறித்தார்கள். மொராக்கோவிலிருந்து வரும் லாரிகள் நின்றுபோயின. உடனே நுவாக்சோட் சந்தையில் காய்கறி விலை ஏறிவிட்டது. பாலைவனத்துக்கு நடுவே ஒரு சின்ன இடத்தில் வழி அடைத்தால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வீட்டில் குழம்புக்குத் தக்காளி இல்லை. மறியலை மொராக்கோ ராணுவம் அகற்றியதோடு, அந்த மேற்கு சகாராப் பிரச்சினையில் முப்பது ஆண்டாக இருந்துவந்த போர்நிறுத்தமும் முறிந்தது.

நிறைவாக

மூன்று பாதைகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். உப்புப் பாதையை ஜனங்களே நடந்து நடந்து உண்டாக்கினார்கள். அதன் தேவையும் அவர்களுடையது. இருப்புப் பாதையை வெளிநாட்டு உருக்காலைகள் தங்கள் தேவைக்குப் போட்டன. ஜனங்கள் அதன் மேல் தொற்றிக்கொண்டார்கள். நம்பிக்கைச் சாலையை அரசு ஒரு தேசத்தைக் கட்டுவதற்காகப் போட்டது; ஜனங்கள் அதில் பிழைப்பைத் தேடி நடந்தார்கள். போட்டவர்களின் நோக்கம் ஒன்று, பயன்படுத்தியவர்களின் தேவை இன்னொன்று. ஆனாலும் ஒரு பாதை வந்துவிட்டால், அதைத் தங்களுக்குரியதாக ஆக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் சாதாரண மக்களிடம் எப்போதும் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆள் குறைவு என்பதால் பாதை தேவையில்லை என்று சொல்வது எளிது. உண்மையில் ஆள் குறைவான இடத்தில்தான் ஒரு பாதையின் மதிப்பு அதிகம். அங்கே அது வசதி அல்ல, உயிர். நம் நாட்டிலும் மலைக் கிராமங்கள், எல்லையோர ஊர்கள், தீவுகள் என்று இப்படிப்பட்ட இடங்கள் எத்தனையோ உண்டு. 'அந்த லைனில் கூட்டமே இல்லை, நஷ்டம்' என்று ஒரு வண்டியை நிறுத்தும்போது, அந்தக் கொஞ்சப் பேருக்கு வேறு வழி இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். இபன் பதூதாவின் காலத்தில் நான்கு இரவு தூரம் தண்ணீரோடு எதிரே வந்து நின்ற வலாத்தா ஊர்க்காரர்கள், வருகிற கூட்டத்தில் எத்தனை தலை என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டிருக்க மாட்டார்கள். போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.